பழைய சர்வரில் சிபியு வோல்டேஜ்: எண்ணுக்கு முன்னால் லோடைப் பாருங்கள்

பொள்ளாச்சியில் தொடங்கி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரைக்கும் நார் மில், கொப்பரைக் களம், தேங்காய் மண்டி என்று எங்கே போனாலும் ஆபீஸ் மூலையில் ஒரு பழைய ஜியான் (இன்டெல்லின் சர்வர் பிராசசர்) சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பெட்டி. பில்லிங், எடைமேடைக் கணக்கு, கேமரா பதிவு எல்லாம் அதில்தான். பத்துப் பன்னிரண்டு வயதான பிறகு திடீரென்று ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிக்கும். யாராவது சென்சார் ரீடிங்கைத் திறப்பார்கள். விகோர், அதாவது சிபியுவுக்குக் கிடைக்கும் வோல்டேஜ், 0.86, 12 வோல்ட் லைன் 11.71, பக்கத்தில் அலாரம். போர்டு போய்விட்டது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த இரண்டு எண்ணுமே நல்ல சர்வரிலும் வரக்கூடியவை.

ஒற்றை வோல்டேஜ் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதை அளந்தது எந்த சிப், எந்த இடத்தில் அளந்தது, அந்த நேரத்தில் பிராசசர் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்ற மூன்றும் தெரிந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். இந்த மூன்றிலும் லோடுதான் முதலில். ஐடிலில் (சும்மா இருக்கும்போது) ஒரு அளவு, முழு லோடில் ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இறங்கியது என்பதைத்தான் படிக்க வேண்டும்.

கேட்பது ஒன்று, கிடைப்பது ஒன்று

சிபியு தனக்கு இவ்வளவு வோல்ட் வேண்டும் என்று, போர்டில் 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் விஆர்எம் பகுதியிடம் கேட்கும் எண்ணுக்கு விஐடி என்று பெயர். விஆர்எம் உண்மையில் கொடுப்பது விகோர். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ போட்டால் இரண்டும் தனித்தனி வரியில் வரும். லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை காட்டுவது போர்டில் உள்ள சிப் அளந்த விகோர். விஐடி வேண்டுமென்றால் சாண்டி பிரிட்ஜ் முதலான இன்டெல் சிப்களில் ஹெக்ஸாடெசிமல் 198 என்ற எம்எஸ்ஆர் ரெஜிஸ்டரை, அதாவது சிபியுவுக்குள் அதன் நிலை பதிவாகும் இடத்தைப் படிக்கலாம். அதில் 32 முதல் 47 வரையுள்ள பிட்களை எடுத்து 8192 ஆல் வகுத்தால் வோல்ட் கிடைக்கும். 8110 என்று வந்தால் 0.99 வோல்ட். எம்எஸ்ஆர் மாட்யூலை லோடு செய்துவிட்டு ஆர்டிஎம்எஸ்ஆர் கருவியை ரூட்டாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இது சிபியு கேட்ட எண். மல்டிமீட்டர் வைத்து அளந்த எண் ஆகாது.

லோடு ஏறும்போது விகோர், விஐடியை விடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது டிசைனிலேயே உள்ளது. இதை லோடு லைன் என்பார்கள். 2009, 2010 காலத்து 5500, 5600 வரிசை ஜியான்களில் இது 0.8 மில்லி ஓம். சிபியு 70 ஆம்பியர் இழுத்தால் 70 பெருக்கல் 0.8, அதாவது 56 மில்லிவோல்ட் இறங்கும். விஐடி 1.15 என்று இருக்கும் நேரத்தில் போர்டு 1.09 காட்டினால் விஆர்எம் சரியாகத்தான் வேலை செய்கிறது. முழு லோடிலும் விகோர் விஐடிக்குச் சமமாகவே நிற்கிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். அனேகமாக அந்த சென்சார் வேறு இடத்தை அளக்கிறது, இல்லை பெயர் மாறியிருக்கிறது.

ஐடிலில் விகோர் 0.8 சுற்றி விழுவதும் கோளாறு இல்லை. ஸ்பீட்ஸ்டெப் என்ற இன்டெல் வசதி வேகத்தைக் குறைக்கும்போது வோல்டேஜையும் சேர்த்துக் குறைக்கும். 5600 வரிசைக்கு விஐடி எல்லையே 0.75 முதல் 1.35 வரை. அதற்குள் எங்கே நின்றாலும் அந்த நொடியின் வேகத்தைச் சார்ந்தது.

எழுதி வைத்த பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறை சர்வரை எடை போடுகிறவர்கள் இன்னொரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 2014 இல் வந்த இ5-2600 வி3, அதன் பின் வந்த வி4 இரண்டிலும் போர்டு சென்சார் 1.8 வோல்ட் சுற்றிக் காட்டும். பார்த்தவுடன் சிபியு கருகப்போகிறது என்று தோன்றும். இந்தத் தலைமுறையில் விஆர்எம்மின் ஒரு பகுதியை இன்டெல் சிப்புக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. போர்டு கொடுப்பது 1.8 வோல்ட் உள்ளீடு. அதை ஒவ்வொரு கோருக்கும் வேண்டிய அளவுக்குச் சிப்பே உள்ளே குறைத்துக்கொள்கிறது. அதே இ5-2600 வரிசையின் வி1, வி2 இல் இந்த ஏற்பாடு இல்லை, அங்கே போர்டே நேரடியாக 1 வோல்ட் பக்கம் கொடுக்கும். ஆகவே 1.8 என்பது வி3 இல் சாதாரணம், வி2 இல் பெரிய பிரச்சினை. முதலில் சிபியுவின் உலோக மூடியில் எழுதியிருக்கும் மாடல் எண்ணைப் படியுங்கள்.

சென்சார் சிப் எப்படி எண்ணுகிறது

போர்டில் உள்ள நுவோட்டன், வின்பாண்ட், ஐடிஇ சென்சார் சிப்களில் (சூப்பர் ஐஓ சிப் என்பது இவைதான்) இருப்பது பெரும்பாலும் 8 பிட் ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி. 0 முதல் 255 வரைதான் அதற்கு எண்ணத் தெரியும். நுவோட்டன் 6775 குடும்பத்தில் ஒரு படி 8 மில்லிவோல்ட், அதனால் அளக்கக்கூடிய உச்சம் 2.04 வோல்ட். பழைய ஐடிஇ சிப்களில் ஒரு படி 16 மில்லிவோல்ட், உச்சம் 4.08. சென்சார்ஸ் பட்டியலில் ஏதாவது ஒரு வரி அசையாமல் 2.04 அல்லது 4.08 என்று நின்றால் அது அளவே இல்லை. அந்தக் கால் எதிலும் இணைக்கப்படவில்லை, அல்லது அளவுக்கு மேல் போய் முட்டி நிற்கிறது. பழைய வின்பாண்ட் போர்டுகளில் மைனஸ் 12 வோல்ட் வரியில் மைனஸ் 14.91 வருவதும் இதே கதைதான். சிப் 0 எண்ணும்போது கணக்குச் சூத்திரம் தருகிற எண் அது. பவர் சப்ளையைக் கழற்ற வேண்டாம்.

12 வோல்ட்டை 2 வோல்ட் உச்சமுள்ள சிப்பால் நேரடியாக அளக்க முடியாது. இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்துக் குறைத்துத்தான் சிப்புக்கு அனுப்புவார்கள். 56 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் என்று வைத்துக்கொண்டால் 6.6 இல் ஒரு பங்கு சிப்புக்குப் போகும். அந்த 6.6 ஐ சென்சார்ஸ் கான்ஃபிக் ஃபைலில் கம்ப்யூட் வரியில் எழுதிக் கொடுத்தால்தான் திரையில் 12 என்று வரும். எழுதாவிட்டால் அதே லைன் 1.82 என்று தெரியும். லிமிட் எதுவும் எழுதாத சிப்பில் குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 0 என்று இருக்கும், எந்த அளவு வந்தாலும் அலாரம் அடிக்கும். பல சிப்களில் அலாரம் ஒரு முறை படிக்கும் வரை அப்படியே நிற்கும் என்பதால் கட்டளையை இரண்டு முறை ஓட்டி இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு படி 8 மில்லிவோல்ட் என்றால் 6.6 மடங்கில் அது 53 மில்லிவோல்ட். 12 வோல்ட் லைன் 11.99 இலிருந்து 12.04 க்குத் தாவுவது ஆட்டம் இல்லை, ஒரே ஒரு படி. ரெசிஸ்டர்கள் 1 சதவீதம் கூடக்குறைய இருப்பவை. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போனால் 12 வோல்ட்டில் 0.2 வரை நிரந்தரப் பிழை வரும். இதனால்தான் 11.8 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயப்படக் கூடாது. நிரந்தரப் பிழை ஐடிலிலும் லோடிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அது கழிந்துபோய்விடும்.

சர்வரில் பிஎம்சி, அதாவது போர்டைத் தனியாகக் கண்காணிக்கும் சிப், இருந்தால் சூப்பர் ஐஓ சிப்பை நோண்டாமல் அதையே கேளுங்கள். அதோடு பேசும் ஐபிஎம்ஐடூல் கட்டளையில் சென்சார் லிஸ்ட் கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் அளவு, நிலை, அதன் பின் கீழ் எல்லை மேல் எல்லை வரிசையாக வரும். நிலை ஓகே என்றால் எல்லைக்குள் இருக்கிறது. என்சி எச்சரிக்கை, சிஆர் ஆபத்து. எல்லைகளை எழுதியது போர்டு செய்தவர்கள், அதனால் கையால் எழுதிய கான்ஃபிக்கை விட நம்பகமானது. கெர்னல் டிரைவரும் பிஎம்சியும் ஒரே சிப்பில் ஒரே நேரத்தில் கை வைத்தால் இரண்டுக்குமே தப்பான எண் வரலாம். டிரைவர் ஏறவில்லை என்று ஏசிபிஐ (பயாஸ் தரப்பு மின் நிர்வாகம்) தகராறு காட்டும்போது அதைத் தளர்த்தும் கெர்னல் ஆப்ஷனை இணையத்தில் பார்த்து அப்படியே போட்டுவிடாதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் பரவாயில்லை, கணக்கு ஓடும் சர்வரில் வேண்டாம். டெல் பவர்எட்ஜ் சிலவற்றில் வோல்டேஜ் எண்ணாக வராது, பவர் குட் என்ற நிலை மட்டும் வரும். அங்கே எண்ணைத் தேடிப் பயனில்லை.

பிஎம்சியின் செல் லாக்கையும், அதாவது நிகழ்வுப் பதிவையும், இறக்குங்கள். லோயர் கிரிட்டிகல் என்று வோல்டேஜ் நிகழ்வு பதிவாகியிருந்தால் அதன் நேரம் முக்கியம். அதில் 1970 என்று தேதி வந்தாலோ, நேரம் செட் ஆவதற்கு முந்தைய பதிவு என்று வந்தாலோ சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். புதிது 3 வோல்ட் இருக்கும். 2.7 க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுவதே மேல், அந்தப் பேட்டரி ஒன்றும் விலை கிடையாது.

ஐடிலில் ஒன்று, லோடில் ஒன்று

சோதனையை மாலை நேரத்திலும் ஒரு முறை செய்ய வேண்டும், பகலில் ஒரு முறை செய்ய வேண்டும். நார் மில் மோட்டார்கள் ஓடும் லைனில் இரண்டும் வேறு வேறு.

முதலில் பில்லிங், கேமரா எல்லாவற்றையும் நிறுத்திக் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு முறை சென்சார் அளவை ஃபைலில் எழுதும் சின்ன லூப் ஒன்றை ஓட விடுங்கள். பிறகு சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் காவர்னரைப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, டர்போவை அணைத்துவிடுங்கள். டர்போ இருந்தால் சூட்டைப் பொறுத்து வேகமும் விஐடியும் மாறிக்கொண்டே இருக்கும், ஒப்பிட முடியாது. லோடு கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி கருவியை எல்லாக் கோரிலும் இருபது நிமிடம் ஓட்டுங்கள். இருபது நிமிடம் எதற்கென்றால் விஆர்எம் சூடேறி நிலைக்கு வர நேரம் பிடிக்கும், வயதான கெப்பாசிட்டரின் குறை குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் ஒரே மாதிரி தெரியாது. முடிந்த பிறகு ஐந்து நிமிடம் மீண்டும் சும்மா விட்டுப் பதிவு செய்யுங்கள்.

இப்போது ஃபைலைப் பாருங்கள். 12 வோல்ட் லைன் ஐடிலில் 12.04, லோடில் 11.94 என்றால் இரண்டு படி இறக்கம், நல்ல ஆரோக்கியம். லோடில் 11.73 வரை போனால் 0.3 வோல்ட் எங்கேயோ தின்னப்படுகிறது. ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம், அதாவது 11.40 வரை அனுமதி உண்டு. ஆனாலும் 11.40 வரை காத்திருப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. இறக்கம் 0.25 ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடி எடுத்துவிட வேண்டும். 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25, 3.3 க்கு 3.14 முதல் 3.47. மெமரி வோல்டேஜ் டிடிஆர்3 க்கு 1.5, குறைந்த வோல்டேஜ் ரகம் என்றால் 1.35, டிடிஆர்4 க்கு 1.2. மெமரி லைன் லோடில் அசையவே கூடாது, ஒரு படி ஆடினால் பரவாயில்லை.

விகோரில் பார்க்க வேண்டியது வேறு. லோடு ஏறியதும் இறங்கி, இருபது நிமிடமும் அதே இடத்தில் நிற்க வேண்டும். நேரம் போகப் போக மெல்லக் கீழே சரிந்தாலோ, ஒரே லோடில் மூன்று நான்கு படிக்கு மேலும் கீழும் ஆடினாலோ விஆர்எம்மில் கோளாறு இருக்கலாம். இரண்டு சாக்கெட் போர்டில் ஒரே மாடல் சிபியு இரண்டு இருந்தால் வேலை இன்னும் எளிது. ஒன்றின் விகோரை மற்றொன்றோடு ஒப்பிடுங்கள். விஐடி சிப்புக்குச் சிப் மாறும் என்பதால் எண்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை, இறக்கம் சமமாக இருக்க வேண்டும்.

0.3 வோல்ட் எங்கே போகிறது

இதற்கு மல்டிமீட்டர் போதும். சிபியுவுக்குப் போகும் 8 பின் கனெக்டரில் நான்கு மஞ்சள், நான்கு கறுப்பு. கனெக்டரின் பின்பக்கம், வயர் நுழையும் ஓட்டையில் புரோபை மெல்லச் செருகி அளக்கலாம். முனை தடிமனாக இருந்தால் தையல் ஊசி போன்ற மெல்லிய முனை வேண்டும். வழுக்கி மஞ்சளும் கறுப்பும் சேர்ந்துவிடாமல் புரோபின் நுனி தவிர மற்ற இடத்தை ஸ்லீவ் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

இதை விட நல்ல வழி ஒன்று உண்டு. எதிலும் செருகாத ஒரு மோலெக்ஸ் வயர் பவர் சப்ளையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். அதில் கரண்ட் ஓடாததால் அதன் மஞ்சள் முனை பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வோல்டேஜை அப்படியே காட்டும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, சிவப்பு புரோபை அந்த மோலெக்ஸ் மஞ்சளிலும் கறுப்பு புரோபை 8 பின் கனெக்டரின் மஞ்சளிலும் வைத்தால், வயரிலும் கனெக்டரிலும் மட்டும் தொலைந்துபோகும் வோல்டேஜ் நேராகத் திரையில் வரும். கணக்கு இதுதான்: 18 கேஜ் வயர் மீட்டருக்கு 21 மில்லி ஓம். 60 சென்டிமீட்டர் வயர் நான்கு இணையாகப் போனால் 3 மில்லி ஓம் சொச்சம். சிபியு பகுதி 150 வாட் இழுத்தால் 12.5 ஆம்பியர். ஆக வயரில் மட்டும் 40 மில்லிவோல்ட் பக்கம் போக வேண்டும். கறுப்புப் பக்கம் சேஸிஸ் வழியாகவும் கரண்ட் திரும்புவதால் இதை விடக் குறையும். மஞ்சளில் 150, 200 மில்லிவோல்ட் வந்தால் கனெக்டரின் பின் தளர்ந்திருக்கிறது அல்லது கருத்திருக்கிறது. கழற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கும். இந்த இழப்பு சரியாக இருந்து, மோலெக்ஸ் முனையிலேயே லோடில் 0.25 இறங்கினால் குறை பவர் சப்ளையில். மோலெக்ஸும் கனெக்டரும் ஆடாமல் நின்று, சென்சார் மட்டும் இறங்கினால் போர்டில் அளக்கும் பகுதியில்தான் கோளாறு.

அந்த மூன்றாவது நிலைக்கு இந்தப் பக்கத்தில் தனியாக ஒரு காரணம் உண்டு, நார் மில் ஆபீஸ்களில்.

நார்த் தூளும் ஆடிக் காற்றும்

கோகோபீட் கட்டி செய்கிறவர்களுக்கு ஈசி என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டாம். தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் அதிகம். அதைக் குறைக்கத்தான் தண்ணீர் விட்டு அலசி லோ ஈசி என்று தனியாக விற்கிறார்கள். அந்த ஈசி என்பது மின்சாரம் கடத்தும் திறன். அதே தூள் சர்வருக்குள் ஃபேன் இழுத்துக்கொண்டு வந்து படியும்போது அலசாத தூளாக இருக்கிறது. காய்ந்திருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை, காற்றை அடைக்கும், அவ்வளவுதான். ஜூன் தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று அடிக்கும்போது அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் கடத்தும்.

இப்போது மேலே சொன்ன 56 கிலோ, 10 கிலோ ரெசிஸ்டர் ஜோடியை நினைத்துப் பாருங்கள். அந்த 10 கிலோ ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஈரத் தூள் 500 கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவு வழி போட்டால் 10 கிலோ 9.8 கிலோவாகிவிடும். சிப்புக்குப் போகும் பங்கு 1.7 சதவீதம் குறையும். உண்மையில் 12.00 இருக்கும் லைன் திரையில் 11.80 என்று தெரியும். பவர் சப்ளையில் ஒரு குறையும் இல்லை. விகோரை சிப் அனேகமாகப் பிரிக்காமல் நேரடியாக அளப்பதால் அந்த எண் அசையாது. ஆகவே மழைக்காலத்தில் 12, 5 வோல்ட் எண்கள் மட்டும் இறங்கி, விகோர் அப்படியே நின்று, சர்வர் ஒரு மணி நேரம் சூடாக ஓடிய பிறகு அந்த எண்கள் தானாக ஏறி வந்தால், தூளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பவர் சப்ளைக் கோளாறு லோடு ஏற ஏற மோசமாகும், தூள் கசிவு சூட்டில் காய்ந்து குறையும். போக்கு எதிரெதிராக இருப்பதால் பிரித்துக் காண்பது எளிது.

சுத்தம் செய்ய கம்ப்ரஸரை நேரே வைக்காதீர்கள், அதில் தண்ணீர் வரும். கரண்ட் வயரை உருவி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, வெளியே கொண்டுபோய் பிளோயரில் ஊதுங்கள். ஃபேன் இறக்கைகளைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் கெடும். சூப்பர் ஐஓ சிப்பைச் சுற்றியும் விஆர்எம் பகுதியிலும் ஒட்டியிருப்பதை மென்மையான பிரஷ்ஷும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். உப்பு ஆல்கஹாலில் நன்றாகக் கரையாது. அதனால் ஒரே தடவையில் போகாது, தூளோடு சேர்த்துப் பிரஷ்ஷால் தள்ளி வழித்து இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். முழுதாகக் காய்ந்த பிறகே கரண்ட். சர்வரை மில் ஷெட்டோடு சுவர் பகிராத அறைக்கு மாற்றி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைத்தாலே பாதித் தூள் குறையும்.

சென்சாருக்குத் தெரியாதது

சென்சார் ஒரு நொடிக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே அளக்கிறது. சிபியு ஒரு மைக்ரோ நொடியில் பல ஆம்பியர் கூடுதலாக இழுக்கும்போது வரும் குழி அதில் பதிவாகாது. கெப்பாசிட்டர்கள் வயதானால் முதலில் கெடுவது இந்தக் குழியைத் தாங்கும் திறன்தான். சராசரி வோல்டேஜ் கடைசிவரை அழகாகவே இருக்கும். அதனால் எண்கள் எல்லாம் சரி, ஆனால் ரீஸ்டார்ட் நிற்கவில்லை என்பது முரண்பாடு இல்லை.

இதற்குச் சாட்சி சிபியுவிடமே கேட்க வேண்டும். ராஸ்டீமன் என்ற லினக்ஸ் கருவியை நிறுவி ஓட விட்டால் சிபியு தானே கண்டுபிடிக்கும் மெஷின் செக் பிழைகளும், ஈசிசி மெமரி தானாகத் திருத்திக்கொண்ட பிழைகளும் பதிவாகும். ஒரே டிம்மில் (மெமரிப் பலகையில்) மட்டும் திருத்தம் வந்தால் அந்த டிம் அல்லது அதன் ஸ்லாட். எல்லா டிம்மிலும், எல்லாக் கோரிலும் அங்கங்கே சிதறி, லோடு ஏறும்போது மட்டும் வந்தால் மின்சாரம் கொடுக்கும் பகுதி. மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து 12 வோல்ட்டில் ரிப்பிள் (டிசி மேல் ஏறும் சிற்றலை) பார்ப்பது தோராயமான வழி, சாதாரண மீட்டருக்கு அந்த அதிர்வெண் எட்டாது. ஆசிலோஸ்கோப் கிடைத்தால் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் போட்டு அளக்கலாம். 12 வோல்ட்டுக்கு 120 மில்லிவோல்ட், 5 க்கும் 3.3 க்கும் 50 மில்லிவோல்ட் வரை உச்சத்துக்கு உச்சம் அனுமதி.

கரண்ட் போய் யுபிஎஸ் மாறும் நொடியில் மட்டும் சர்வர் அணைந்தால் விகோரைப் பார்த்துப் பயனே இல்லை. பவர் சப்ளையின் உள்ளே 400 அல்லது 450 வோல்ட் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று, உள்ளே வரும் கரண்ட் நின்ற பிறகும் 16 மில்லி நொடி அளவுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். யுபிஎஸ் மாறச் சில மில்லி நொடியிலிருந்து 10 வரை ஆகும். கெப்பாசிட்டர் வயதாகிப் பாதித் திறன் போய்விட்டால், அதுவும் மாலை லைன் வோல்டேஜ் இறங்கி முழு லோடும் இருக்கும்போது, இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. யுபிஎஸ் கொடுப்பது படிக்கட்டு மாதிரி வெட்டிய அலை என்றால், பிஎஃப்சி (உள்ளே இழுக்கும் கரண்டைச் சீராக்கும் பகுதி) உள்ள பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். எடைமேடைக் கணினிக்கு அது போதும், சர்வருக்கு சைன் அலை யுபிஎஸ் வேண்டும். பவர் சப்ளை பிஎம்பஸ் (தன் அளவுகளைப் பிஎம்சிக்குச் சொல்லும் இணைப்பு) உள்ளதாக இருந்தால் பிஎம்சியிலேயே உள்ளே வரும் வோல்டேஜ் தெரியும். அதையும் அந்த இரண்டு நொடி லூப்பில் சேர்த்து ஒரு வாரம் விட்டால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரமெல்லாம் வரிசையாகப் பிடிபடும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தாலும் நல்ல பவர் சப்ளையின் 12 வோல்ட் அசையக் கூடாது. சேர்ந்து ஆடினால் பவர் சப்ளை மாற்ற வேண்டிய வயதுக்கு வந்துவிட்டது.

மாற்றுவது எந்த வரிசையில்

முதலில் தூள், பிறகு 8 பின் கனெக்டர், அதன் பின் பவர் சப்ளை, கடைசியாகத்தான் போர்டு. இரட்டைப் பவர் சப்ளை உள்ள சர்வரில் லோடு ஓடும்போது ஒன்றை மட்டும் உருவிப் பாருங்கள், பிறகு அதைச் செருகிவிட்டு மற்றதை. எதை உருவும்போது 12 வோல்ட் அதிகமாக இறங்குகிறதோ, அப்போது உள்ளே மிச்சமிருந்ததுதான் பலவீனமானது. இதைச் செய்வதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். பலவீனமானது தாங்காமல் போனால் சர்வர் அங்கேயே அணையும்.

பவர் சப்ளையைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றுவதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் வயரை உருவிய பிறகும் உயிர் போகும் அளவுக்கு மின்சாரம் நிற்கலாம். முழு யூனிட்டாக மாற்றுங்கள்.

போர்டில் விஆர்எம் கெப்பாசிட்டர் மாற்றுவதானால், உள்ளீட்டுப் பக்கம் அனேகமாக 16 வோல்ட் 270 அல்லது 330 மைக்ரோஃபாரட், சிபியு பக்கம் 2.5 வோல்ட் 560 அல்லது 820 மைக்ரோஃபாரட் பாலிமர் ரகம் இருக்கும். கழற்றியதன் மேல் எழுதியிருப்பதையே வாங்குங்கள். வோல்ட் எண் கூடலாம், குறையக் கூடாது. ஈஎஸ்ஆர், அதாவது கெப்பாசிட்டரின் உள் தடை, பழையதை விடக் கூடக் கூடாது. பாலிமர் இருந்த இடத்தில் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் போட்டால் சில மாதத்தில் மறுபடியும் அதே இடத்துக்கு வரும். உயரமும் விட்டமும் பாருங்கள், 8 மில்லிமீட்டர் இடத்தில் 10 மில்லிமீட்டர் உட்காராது, ஹீட்சிங்க்கில் இடிக்கும். பாலிமர் ரகம் கெட்டாலும் மேலே உப்புவது அபூர்வம் என்பதால் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒரு வரிசையை மாற்றினால் முழு வரிசையையும் மாற்ற வேண்டும்.

சர்வர் போர்டின் கிரவுண்ட் அடுக்குகள் சாதாரண அயர்னின் சூட்டைக் குடித்துவிடும். 25 வாட் அயர்னை வைத்து அழுத்தினால் ஓட்டையின் உள்பூச்சு பிய்ந்து வரும், போர்டு அத்தோடு போகும். 60 வாட்டுக்கு மேல் கட்டுப்பாடுள்ள ஸ்டேஷன், அகலமான பிட், போர்டைக் கீழிருந்து சூடாக்க ஒரு பிரீஹீட்டர் வேண்டும். பழைய ஈயமில்லா சால்டர் மேல் கொஞ்சம் ஈயம் கலந்த சால்டரைச் சேர்த்து உருக்கினால் குறைந்த சூட்டில் இளகும். இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சூடாக்கி, கெப்பாசிட்டரை மெல்ல அசைத்து எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. மாற்றி முடித்ததும் அதே இருபது நிமிடச் சோதனையை ஓட்டி, அந்த ஃபைலுக்குத் தேதியும் டர்போ நிலையும் அறையின் சூடும் சேர்த்துப் பெயர் வைத்து, சர்வரில் இல்லாமல் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.